கை நின்றால் எல்லாம் நிற்கும்: ஒரு பியானோ ஆசிரியையின் அனுபவம்

பியானோ வாசிக்கிறவர்கள் கைவலியைப் பற்றி வெளியே பேசுவதில்லை. கச்சேரி நடத்துகிறவர்கள் காதில் விழுந்தால் அடுத்த முறை கூப்பிட யோசிப்பார்கள். பெற்றோருக்குத் தெரிந்தால் பிள்ளையை வேறு டீச்சரிடம் சேர்த்துவிடுவார்கள். மும்பையில் இத்தனை பேர் பியானோ கற்றுக்கொடுக்கிறோம், இந்த வலி எனக்கு மட்டும் வந்திருக்க வழியே இல்லை. ஆனாலும் எனக்கு வந்தபோது எந்த டாக்டரிடம் போவது, வாங்கின ஃபீஸுக்கு என்ன பதில் சொல்வது, திரும்ப வாசிக்க எவ்வளவு நாளாகும் என்று கேட்க ஓர் ஆள் கிடைக்கவில்லை. இன்னொருவர் இப்படித் தனியாகத் திண்டாடக் கூடாது என்பதற்காகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் பாளையங்கோட்டை. சர்ச்சில் கீர்த்தனைகளுக்கு ஆர்கன் வாசித்த அப்பாதான் முதல் குரு. கல்யாணமாகி மும்பை செம்பூருக்கு வந்து, லண்டன் டிரினிட்டி கல்லூரியின் பியானோ டிப்ளமோ முடித்து, கச்சேரியும் வகுப்புமாகப் பல வருடம் ஓடிவிட்டது. வீட்டுக்காரர் கப்பலில் வேலை பார்க்கிறார். நான் சொல்லப்போகும் மாதங்களில் பெரும்பாலும் அவர் கடலில் இருந்தார்.

இந்தத் தொழிலின் வரவு செலவை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது புரியாது. மேடையில் வாசிப்பதற்கென்று நம் நாட்டில் பியானோ கலைஞருக்கு மாதச் சம்பளம் கிடையாது. மற்ற ஊர்களைப் பார்த்தால் மும்பைக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். நாரிமன் பாயிண்ட்டில் என்.சி.பி.ஏ. என்ற கலை அரங்கம் இருக்கிறது, 2006இல் தொடங்கிய சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியாவுக்கு அதுதான் வீடு. ஆனால் ஆர்கெஸ்ட்ரா என்பது வயலின்காரர்களுக்கும் செல்லோகாரர்களுக்கும்தான் நிரந்தர இடம். பியானோவைத் தேவைப்பட்டால் மட்டும் அழைப்பார்கள். ஒரு தனிக் கச்சேரிக்கு மாதக்கணக்கில் தயாராகி, கையில் வாங்கும் தொகை அந்த மாதங்களின் வீட்டு வாடகைக்குக்கூடக் காணாது. வீட்டை ஓட்டுவது வகுப்புகள்தான். கச்சேரியால் பெயர், பெயரால் மாணவர்கள், மாணவர்களால் சாப்பாடு. எல்லாம் இரண்டு கைகளைச் சுற்றியே நடக்கிறது. எனக்கு அப்போது ஃபீஸாக மாதம் ஏறக்குறைய 80,000 ரூபாய் வந்துகொண்டிருந்தது.

அந்த வருடம் அக்டோபரில் ஒரு தனிக் கச்சேரி ஒத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் கைதட்டு வாங்குகிற மாதிரி ஏதாவது வேண்டும் என்று ஏற்பாட்டாளர்கள் கேட்டார்கள். லிஸ்ட் என்ற இசையமைப்பாளரின் ஆறாவது ஹங்கேரியன் ராப்சடி என்று முடிவாயிற்று. அதன் கடைசிப் பகுதியில் வலது கை ஆக்டேவ்களாகவே, அதாவது ஒரு சுரத்தையும் அதன் மேல் ஸ்தாயிச் சுரத்தையும் ஒன்றாக அடித்தபடியே ஓடும், ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டு, மூச்சு விட இடமில்லாமல். ஏழு வெள்ளைக் கட்டைகளின் அகலம் சுமார் 16.5 சென்டிமீட்டர், அந்தத் தூரத்தைக் கட்டைவிரலும் சுண்டுவிரலும் எட்டிப் பிடித்தபடியே அடிக்க வேண்டும். பெரிய கை உள்ளவர்களுக்கு அது சாதாரணம். எனக்கு அது கை போகிற கடைசி எல்லை. ஜோசப் ஹாஃப்மன் அந்தக் காலத்து மாமேதை, அவருக்கும் கை சின்னது. அவருக்காக ஸ்டெயின்வே கம்பெனி கட்டைகளின் அகலத்தைச் சற்றுக் குறைத்தே பியானோ செய்து கொடுத்தது. நமக்கு யாரும் பியானோவை மாற்றித் தர மாட்டார்கள், நாம் மாற்ற முடிந்தது வாசிக்கிற பாட்டைத்தான். சின்னக் கை உள்ள பெண்கள், குறிப்பாக வளர்ந்துவரும் பிள்ளைகள், எந்தப் பாட்டை எடுப்பது என்று முடிவு செய்யும்போது இதை வெளிப்படையாகப் பேச வேண்டும். எனக்குப் பாடம் சொன்ன யாரும் பேசியதில்லை.

ஜூலையில் மழை பிடித்துக்கொண்டபோது வலி ஆரம்பித்தது. முதலில் பியானோவில் தெரியவில்லை. ஈரத்துணியைப் பிழியும்போது மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கமாக, சுருக்கென்று இழுத்தது. அடுத்து தேங்காயெண்ணெய் பாட்டில் மூடியைத் திருகும்போது. அப்புறம் குக்கரைத் தூக்கும்போது. ஹார்பர் லைன் லோக்கல் ரயிலில் மேலே தொங்கும் பிடியைப் பிடிக்க முடியாமல் இடது கைக்கு மாறினேன். வாசிக்கும்போது சூடேறிவிட்டால் வலி அடங்கிவிடும், ராத்திரி படுத்ததும் இரட்டிப்பாக வரும். இந்த வரிசையைக் கவனித்துக்கொள்ளுங்கள். வாசிப்பில் குறை தெரிவதற்கு வெகு முன்பே அடுப்படி சொல்லிவிடுகிறது. ஆனால் எங்கள் உலகத்தில் வலி என்பது உழைப்புக்கு அடையாளம் என்று சொல்லியே வளர்த்திருக்கிறார்கள். வலிக்க வலிக்க வாசித்தால் கை பலப்படும் என்று சொன்ன ஆசிரியர்களை எனக்குத் தெரியும். தசை களைத்துப் போவது வேறு, குறிப்பிட்ட ஓரிடத்தில் குத்துகிற வலி வேறு. களைப்பு ஒரு ராத்திரியில் போய்விடும். குத்துகிற வலி மறுநாளும் அதே இடத்தில் இருந்தால் பாட்டை மூடி வைத்துவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும்.

எந்த டாக்டர் என்பதில்தான் எனக்குக் காலமும் காசும் அதிகம் போனது. பக்கத்தில் இருந்த டாக்டர் வலி மாத்திரையும் களிம்பும் கொடுத்தார். மாத்திரை போட்டால் வலி தெரியாது, தெரியாததால் இன்னும் வாசிப்போம், உள்ளே வீக்கம் ஏறும். அடுத்துப் போன எலும்பு மருத்துவர் என் கையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. கழுத்து எலும்புத் தேய்மானமாக இருக்கும் என்று எம்.ஆர்.ஐ. எழுதிக் கொடுத்தார். 7,500 ரூபாய். அதில் வயசுக்குத் தகுந்த தேய்மானம் இருந்தது, அதற்குக் கழுத்துப் பட்டையும் ஒரு கட்டு மாத்திரையும். அந்தப் பட்டையைப் போட்டுக்கொண்டு வகுப்பு எடுத்த நாட்களை நினைத்தால் இப்போதும் ஆத்திரமாக வருகிறது. கைக்கென்றே தனியாகப் படித்த அறுவை சிகிச்சை நிபுணர்கள் இருக்கிறார்கள் என்பது கடைசியில் ஒரு மாணவியின் அம்மா சொல்லித்தான் தெரிந்தது. அவர் நர்ஸாக இருந்தவர். “டீச்சர், எலும்பு டாக்டர் எல்லாரும் கை டாக்டர் இல்ல. ஹேண்ட் சர்ஜன்னு கேட்டுப் போங்க” என்றார். இந்த ஒரு வரியை எனக்கு ஜூலையிலேயே யாராவது சொல்லியிருந்தால் பாதி நஷ்டம் இல்லை.

அந்த நிபுணர் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, மற்ற விரல்களால் மூடிக்கொள்ளச் சொன்னார். அப்படியே மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் மெதுவாகச் சாய்த்தார். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. டி கெர்வெய்ன் நோய் என்றார். 1895இல் இதை விவரித்து எழுதிய சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவரின் பெயர் அது. கட்டைவிரலை விரிக்கவும் நிமிர்த்தவும் உதவும் இரண்டு தசைநாண்கள் மணிக்கட்டில் ஒரு குறுகலான உறைக்குள் நுழைந்து போகின்றன. அந்த உறை தடித்துவிட்டால் தசைநாண்கள் உரசிக்கொண்டே நகரும். கைக்குழந்தையைத் தூக்கித் தூக்கி வைக்கும் தாய்மார்களுக்கு அதிகம் வருமாம். பியானோ வாசிப்பதைப் பார்க்க வேண்டும் என்று அவரே கேட்டார். போனில் எடுத்திருந்த வீடியோவைக் காட்டினேன், ஆக்டேவ் பகுதியையும் வகுப்பு எடுப்பதையும். அவர் நிறுத்திக் காட்டியது வகுப்பு வீடியோவை. மாணவருக்கு வலது பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கையை மட்டும் குறுக்கே நீட்டி வாசித்துக் காட்டுகிறேன். முழங்கை வலது பக்கம் இருக்கிறது, விரல்கள் கட்டைக்கு நேராக வர வேண்டும், அதனால் மணிக்கட்டு சுண்டுவிரல் பக்கம் வளைந்தே நிற்கிறது. சற்றுமுன் என்னை அழவைத்த அதே வளைவு. தினமும் மாலை முழுக்க அப்படித்தான். ஆசிரியர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன்: வாசித்துக் காட்ட வேண்டுமென்றால் பிள்ளையை எழுப்பிவிட்டு நீங்கள் நடுவில் உட்காருங்கள், இடம் இருந்தால் இரண்டாவதாக ஒரு கீபோர்டு வைத்துக்கொள்ளுங்கள். டாக்டரிடம் போகும்போது வீடியோ கண்டிப்பாக இருக்கட்டும்.

வைத்தியம் பெரிதாக ஒன்றுமில்லை. கட்டைவிரலையும் மணிக்கட்டையும் சேர்த்துப் பிடிக்கும் ஸ்ப்ளின்ட், முழு ஓய்வு, அது போதாமல் உறைக்குள் ஒரு ஸ்டீராய்டு ஊசி. ஊசி போட்ட இடத்தில் தோல் வெளுக்கலாம் என்று முன்கூட்டியே சொன்னார். ஒரு மிளகளவு வெள்ளையாகி, பிறகு மெல்ல நிறம் திரும்பியது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஊசிக்கு முன் டாக்டரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும், சில நாட்களுக்கு அளவு ஏறும். இதற்கும் சரியாகாதவர்களுக்கு உறையைத் திறந்துவிடும் சின்ன அறுவை சிகிச்சை உண்டு. எனக்கு அது வேண்டியிருக்கவில்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வலியே இல்லாமல், விரல் தானாகச் சுருண்டுகொண்டு சொல்பேச்சுக் கேட்காமல் போனால் அது வேறு நோய், ஃபோகல் டிஸ்டோனியா. அதற்கு நரம்பியல் மருத்துவரிடம் போக வேண்டும். அமெரிக்கப் பியானோ மேதை லியோன் ஃப்ளைஷருக்கு 1964இல் வலது கை விரல்கள் அப்படிப் போயின. இரண்டு கையாலும் மேடையில் வாசிக்க அவருக்கு முப்பது வருடம் போல ஆயிற்று.

பணத்துக்கு வருகிறேன். கச்சேரியை ஒத்திவைக்கக் கேட்டேன், அவர்கள் தேதியை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். எழுத்தில் எதுவும் இல்லாததால் தயாரித்த மாதங்களுக்கு ஒரு ரூபாய் கிடைக்கவில்லை. இந்தத் துறையில் பெரும்பாலும் போனிலேயே பேசி முடிக்கிறோம். அப்படிச் செய்யாதீர்கள். உடல்நிலை காரணமாகத் தள்ளிப்போட நேர்ந்தால் என்ன, முன்பணம் யாருக்கு என்று இரண்டு வரி மின்னஞ்சலாவது அனுப்பிப் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வகுப்புகளில் படிப்படியாக எழுதும் கிரேடு தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்த பிள்ளைகளின் பெற்றோர்தான் முதலில் விலகினார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், தேர்வுக் கட்டணம் கட்டிவிட்டு யாராலும் காத்திருக்க முடியாது. ஆனால் முதல் தேதியானால் ஃபீஸ் வராமல், போனும் வராமல், பிள்ளை வேறு இடத்தில் சேர்ந்துவிட்டது என்று மூன்றாம் மனிதர் மூலம் கேள்விப்படுவது எப்படி இருக்கும் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். மாத வருமானம் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது. வைத்தியம், பிசியோதெரபி, விட்டுப்போன ஃபீஸ் எல்லாம் சேர்த்தால் அடுத்த கோடைக்குள் போனது மூன்று லட்சத்துக்கு மேல். மெடிக்கல் இன்ஷூரன்ஸ் இருந்தது. அது ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பணம் கொடுக்கும், டாக்டர் ஃபீஸும் பிசியோதெரபியும் என் தலையில். விபத்துக் காப்பீடும் இருந்தது. தேய்ந்து வந்த வலி விபத்து ஆகாது என்று ஒரே பதிலில் முடித்துவிட்டார்கள். பாலிசி எடுக்கும்போதே வெளிநோயாளிச் செலவு உண்டா, வேலை செய்ய முடியாமல் போனால் ஏதாவது உண்டா, விபத்து என்பதற்கு அவர்கள் சொல்லும் அர்த்தம் என்ன என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். கைத்தொழிலில் இருப்பவர்கள் ஆறு மாத வீட்டுச் செலவைத் தனியாக வங்கியில் போட்டு வைப்பதுதான் எனக்குத் தெரிந்த நம்பகமான காப்பீடு.

இப்போது மாதா மாதம் ஃபீஸ் வாங்குவதை விட்டுவிட்டேன். பருவத்துக்கு ஒருமுறை முன்கூட்டியே வாங்குகிறேன். எனக்கு உடம்பு முடியாவிட்டால் முதல் இரண்டு வாரம் இன்ன ஆசிரியர் வகுப்பு எடுப்பார், அதற்கும் மேல் போனால் மீதிப் பணம் திரும்ப வரும் என்று ஒரு பக்கத்தில் தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதிக் கொடுத்துக் கையெழுத்து வாங்குகிறேன். செம்பூர், சயான், மாட்டுங்கா பக்கம் கற்றுக்கொடுக்கிற இன்னும் சிலரும் நானுமாக ஒருவருக்கொருவர் வகுப்பு பார்த்துக்கொள்வது என்று பேசி வைத்திருக்கிறோம். மாணவரைப் பறித்துக்கொள்வார்களோ என்ற பயம் எல்லாருக்கும் இருந்தது. எழுத்தில் வைத்த பிறகு அது குறைந்தது.

பியானோவும் இதில் பங்காளி என்பது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. மழைக்காலத்தில் மும்பைக் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் போகும், பியானோவுக்குப் பிடித்தது 40 முதல் 50. ஒவ்வொரு கட்டையும் ஆடாமல் இருக்க அதன் துளைகளில் கம்பளித் துணி ஒட்டியிருக்கும். அது ஈரத்தில் ஊதிக் கட்டையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். ட்யூனிங் செய்ய வந்த பெரியவர் என் ஸ்ப்ளின்ட்டைப் பார்த்துவிட்டு, ட்யூன் பண்ணும் சாவியைக் கீழே வைத்தார். வலது பெடலை மிதிக்கச் சொல்லி, நடுவில் உள்ள ஒரு வெள்ளைக் கட்டையின் நுனியில் சின்னச் சின்ன எடைக் கற்களை ஏற்றினார். 50 கிராம் சுற்றில் இறங்க வேண்டிய கட்டை 70 தாண்டியும் அசையவில்லை. ஒவ்வொரு சுரத்துக்கும் அந்தக் கூடுதல் பாரத்தை என் கட்டைவிரல் மழைக்காலம் முழுக்கத் தள்ளியிருக்கிறது. வருடா வருடம் ட்யூனிங் செய்கிறோமே என்று நினைத்திருந்தேன். ட்யூனிங் தந்திகளின் சுருதிக்கு மட்டும். கட்டையின் இறுக்கம், தந்தியை அடிக்கும் சுத்தியலின் தூரம் இதையெல்லாம் சரிசெய்வது ரெகுலேஷன், அதைத் தனியாகக் கேட்க வேண்டும். எனக்கு 18,000 ரூபாய் ஆயிற்று. முழு மனதோடு கொடுத்த பணம் அது ஒன்றுதான்.

போகும்போது அவர் ஒரு காரியம் செய்தார். என்னிடம் பத்து ரூபாய் நாணயங்கள் ஏழு வாங்கி, ஒன்றோடொன்று சேர்த்து டேப் சுற்றி ஒரு எடையாக்கிக் கொடுத்தார். ஒரு நாணயம் சுமார் 7.7 கிராம், ஏழுக்கு 54. பெடலை மிதித்துக்கொண்டு கட்டையின் முன் ஓரத்தில் அதை விளிம்பில் நிறுத்தினால் கட்டை மெதுவாக இறங்க வேண்டும். நிற்கிறது என்றால் ட்யூனரைக் கூப்பிட வேண்டும். மழை தொடங்கினால் வாரம் ஒருமுறை சில கட்டைகளில் வைத்துப் பார்க்கிறேன். ஈரம் போக உள்ளே சின்ன பல்ப் எரியவிடுவது நம் ஊர்களில் பழைய வழக்கம். அதை மரத்திலும் துணியிலும் படாமல் ட்யூனரே பொருத்தட்டும், நீங்கள் முயல வேண்டாம்.

கை கட்டிக் கிடந்த மாதங்களில் இடது கையை மட்டும் வைத்து வாசித்தேன். இதற்கென்றே எழுதிய நல்ல இசை இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. ரஷ்ய இசையமைப்பாளர் ஸ்க்ரியாபின் மாணவராக இருந்தபோது லிஸ்ட்டையும் பாலகிரேவையும் வெறியாகப் பயிற்சி செய்து வலது கையைக் கெடுத்துக்கொண்டார். பிறகு 1894இல் இடது கைக்கு மட்டும் ஒரு பிரெலூடு, ஒரு நாக்டர்ன் என்று இரண்டு சிறு இசைத் துண்டுகள் எழுதினார், ஓபஸ் 9 என்ற எண்ணில். பாக் வயலினுக்கு எழுதிய ஷாகோன் என்ற இசையை பிராம்ஸ் இடது கைக்கு மாற்றி எழுதி பியானோ கலைஞர் கிளாரா ஷூமானுக்கு அனுப்பியது 1877இல். அந்தச் சமயம் கிளாராவுக்கும் வலது கை சரியில்லை. முதல் உலகப் போரில் வலது கையை இழந்த பியானோ கலைஞர் பால் விட்கன்ஸ்டைனுக்காக ராவெல், ஆர்கெஸ்ட்ராவோடு சேர்ந்து வாசிக்கும் ஒரு முழு கான்செர்ட்டோவே எழுதினார். ஸ்க்ரியாபினின் அந்தப் பிரெலூடை வாசித்த ராத்திரிகளில்தான் எனக்கு அழுகை நின்றது. இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. ஒரு கை ஓய்வில் இருக்கிறதே என்று இன்னொன்றை மணிக்கணக்கில் வாட்டினால் அதுவும் போய்விடும்.

வகுப்பிலும் வாசித்துக் காட்ட முடியாததால் பாடிக் காட்டினேன், வாயால் விளக்கினேன். பிள்ளைகள் என் விரலைப் பார்த்து நகலெடுப்பதை விட்டுத் தங்கள் சத்தத்தைக் கேட்கத் தொடங்கினார்கள். விலகாமல் கூட இருந்தவர்கள் அந்தச் சில மாணவர்கள்தான், இன்றைக்கும் என் வகுப்பில் அவர்கள்தான் முன்னே நிற்கிறார்கள்.

திரும்ப வாசிக்க வைத்தது சயானில் இருந்த பிசியோதெரபிஸ்ட். தாராவியில் வளர்ந்த நம்மூர்ப் பொண்ணு. வலி வந்ததும் நிறுத்திவிடுகிறேன் என்று நான் சொன்னபோது, “அக்கா, வலி வந்தாச்சுன்னா அன்னைக்கு நீங்க லேட்டு. வர்றதுக்கு முன்னாடி எந்திரிச்சிரணும்” என்றாள். ஐந்து நிமிடம் வாசிப்பு, பத்து நிமிடம் ஓய்வு என்று ஆரம்பித்தோம். வாரத்துக்கு இரண்டு மூன்று நிமிடம்தான் கூட்டினாள். நன்றாக இருந்த நாளில் கூடுதலாக வாசிக்கவே கூடாது என்பது அவள் கண்டிப்பு. சரிந்து விழுவது எப்போதும் நன்றாக இருந்த நாளுக்கு மறுநாள்தானாம். ஸ்கார்லாட்டி, ஹைடன், மொசார்ட் என்று கை விரியாத இசையிலிருந்து தொடங்கினேன். இப்போதும் இருபத்தைந்து நிமிடத்துக்கு ஒருமுறை டைமர் அடிக்கும், பாட்டின் நடுவில் இருந்தாலும் எழுந்துவிடுவேன். லிஸ்ட்டின் ஆறாவது ராப்சடியை விட்டுவிட்டேன். வருத்தம் இல்லாமல் இல்லை.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. தேர்வு நெருங்கும்போது பிள்ளை கையை உதறிக்கொண்டே இருந்தால், பேனா பிடிக்கச் சிணுங்கினால், அது சோம்பல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உட்காரும் பெஞ்சின் உயரத்தைப் பாருங்கள். முழங்கை கட்டையின் மட்டத்துக்கு வர வேண்டும், கால் தரையில் படாவிட்டால் ஒரு பலகை போடுங்கள். ஒரு தேர்வு அடுத்த முறைக்குத் தள்ளிப்போனால் ஒன்றும் குடிமுழுகிவிடாது.

இந்தக் குளிர்காலத்தில் வாசிக்க ஓர் அழைப்பு வந்திருக்கிறது. மூன்று நிபந்தனைகளை மின்னஞ்சலில் அனுப்பினேன்: கச்சேரிக்கு முதல் நாள் அந்த ஹாலின் பியானோவில் ஒத்திகை, பாடல் தேர்வு என்னுடையது, உடம்பு முடியாவிட்டால் தேதி மாற்றம் உண்டு, முன்பணம் திரும்பாது. கடைசி நிபந்தனையில் பாதிப் பணம் என்று பேரம் பேசினார்கள், ஒத்துக்கொண்டேன். கையெழுத்தான பிறகே பயிற்சியைத் தொடங்கினேன்.